பாட்டரியை மாற்றுமுன் அளந்து பார்ப்போம்

நூல் வாங்கச் சங்கத்திற்கு வரும் நெசவாளரும், விளைபொருளை எடைக்குக் கொண்டுவரும் விவசாயியும் இன்று பெரும்பாலும் சிறிய மோட்டார் சைக்கிளிலேயே வருகின்றனர். காலையில் அது கிளம்ப மறுத்தால் அன்றைய வேலை முழுவதும் தடைப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் டக், டக் என்னும் ஓசை மட்டும் கேட்கிறது. ஹார்ன் கம்மிய குரலில் முனகுகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனாலோ ஒரு கணத்தில் தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது: "பாட்டரி போய்விட்டது, புதிது போடவேண்டும்." நாமும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அளந்து பாராமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பை நமது அங்கத்தினர்கள் இனி ஏற்றுக்கொள்ளலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இப்படிச் சொல்ல நமக்கு ஓர் உரிமையும் உண்டு. நாமே இருமுறை இத்தீர்ப்புக்குத் தலை வணங்கியவர்கள். நமது 110 சி.சி. வண்டியில் முதலில் இருந்த பாட்டரி மூன்றாண்டுகள் உழைத்தது. அதைப் பற்றிக் குறை கூறுவதற்கில்லை. அதற்குப் பின் 1,300 ரூபாய்க்கு வாங்கியது ஐந்தே மாதத்தில் படுத்துவிட்டது. "இந்தச் சரக்கு சரியில்லை" என்று பட்டறைக்காரர் வேறொரு கம்பெனிப் பாட்டரியை மாட்டினார்; பழையதைத் தாமே எடுத்துக்கொண்டு சிறிது விலை குறைத்தார். அதுவும் நான்காம் மாதத்தில் தளர்ந்தது. ஒரு மழைநாள் இரவு, நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினோம், பின்விளக்கு எரியவில்லை. டிராக்டர்க்காரர் கண்ணும் கருத்துமாக இருந்தமையால் நாம் இன்று இதை எழுதுகிறோம். பாட்டரி என்பது பணச் செலவு சம்பந்தப்பட்ட விஷயம் மாத்திரமன்று என்பது அன்றிரவுதான் நமக்கு உறைத்தது.

மறுநாள், பம்புசெட் மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் இளைஞர் ஒருவர் தம்முடைய மல்டிமீட்டரை எடுத்துவந்தார். வண்டியை ஓடவிட்டு, பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரின் கம்பிகளை வைத்தார். முள் இல்லாத மீட்டர், எண்களாகவே காட்டுவது. 12.2 என்று காட்டிற்று. எஞ்சினை முறுக்கினார். எண் ஏறவில்லை, சிறிது இறங்கவும் செய்தது. "பாட்டரி என்ன செய்யும் ஐயா? அதற்கு யாரும் சோறு போடவில்லை" என்றார். அவர் சொன்னதன் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டரி மின்சாரத்தைத் தானே விளைவிப்பதில்லை. அது ஒரு பத்தாயம். வெளியிலிருந்து வருவதைச் சேமித்து வைத்துக் கேட்கும்போது கொடுப்பது. விளைச்சல் நடப்பது எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள மூடிக்குள்ளே. அங்கே காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுழலுகிறது. அதன் நடுவே அசையாமல் நிற்கும் செப்புக்கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மெக்கானிக்குகள் அதை மேக்னெட் காயில் என்பர். அங்குப் பிறப்பது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். அதை அப்படியே பாட்டரியில் ஏற்ற இயலாது. அதை ஒரே திசையில் பாயச் செய்வதும், அளவுக்கு மிஞ்சாமல் அடக்கிவைப்பதும் ஆர்.ஆர். யூனிட் என்று வழங்கும் ரெக்டிபயர்-ரெகுலேட்டரின் வேலை. வெப்பம் ஆறுவதற்காக முதுகில் வரிவரியாகத் தகடுகள் கொண்ட சிறிய அலுமினியப் பெட்டி அது. காயில், யூனிட், இவற்றை இணைக்கும் கம்பிகள், ப்யூஸ், பாட்டரி என்னும் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பத்தாயம் காலியாகும். பழியோ பத்தாயத்தின் மேல் விழுகிறது.

முன்காலத்தில் இதனால் பெரிய துன்பம் நேர்ந்ததில்லை. பாட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்தால் வண்டி ஓடிற்று. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் முன்விளக்கு நேரே காயிலிலிருந்தே மின்சாரம் பெறும். எஞ்சின் வேகம் கூடினால் பிரகாசிக்கும், குறைந்தால் மங்கும். அவ்வகை வண்டி வைத்திருப்போர், முன்விளக்கு எரிவதைப் பார்த்துச் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று நினைப்பது பிழை. பாட்டரிக்கும் அந்த விளக்குக்கும் அங்கே சம்பந்தமே இல்லை. இப்போது நிலைமை வேறு. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய இரு சக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரியவேண்டும் என்பது விதி. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டின் ஆறாம் படி நடைமுறைக்கு வந்தபின், சிறு வண்டிகள் பலவும் கார்புரேட்டரைக் கைவிட்டு, மின்சாரப் பம்பின் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறின. இவற்றுள் சில மாதிரிகளில் கிக்கரும் இல்லை. ஆகவே பாட்டரி முற்றும் சோர்ந்தால், உதைக்க வழியில்லாத வண்டி வீட்டுத் திண்ணையோரத்திலேயே நின்றுவிடும்.

இனி அளக்கும் வகையைக் கூறுவோம். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நேர் மின்சாரம், 20 வோல்ட் என்னும் அளவில் வைக்கவேண்டும். சிவப்புக் கம்பியைப் பாட்டரியின் கூட்டல் குறி முனையிலும், கறுப்பைக் கழித்தல் குறி முனையிலும் வைக்கவேண்டும். முதல் அளவை, இரவெல்லாம் ஓய்ந்திருந்த வண்டியில், காலையில் சாவி போடுமுன் எடுப்பது உத்தமம். ஓட்டி நிறுத்தியவுடன் எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். நிறைந்த பாட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். மூடி திறவாத வகை இன்னும் சற்று உயர்வாகவும் காட்டலாம். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் காலி என்றே கொள்ளவேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் 12 இருந்தால் முழுமைதானே என்று பலர் எண்ணுவர். அந்த எண்ணத்தாலேயே அரைவயிற்றுப் பாட்டரிகள் பல நோயற்றவை என்று பெயர் பெற்றுவிடுகின்றன.

இரண்டாம் அளவே தலையாயது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கு எரிய, மீட்டரை முன்போலவே வைக்கவேண்டும். மெதுவாக ஓடும்போது எண் சற்றே ஏறினாலும் போதும். பிறகு, சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் என்ன ஒலி எழுப்புமோ அந்த ஒலி வரும்வரை முறுக்கவேண்டும். அப்போது எண் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே நின்றால் சார்ஜ் ஏறும் ஏற்பாடு சுகம். குற்றம் பாட்டரியிலோ வேறெங்கோ இருக்கலாம். ஓய்ந்திருந்தபோது காட்டிய எண்ணிலேயே நின்றாலும், அதற்குக் கீழே இறங்கினாலும், பாட்டரிக்கு எதுவும் வந்து சேரவில்லை. இந்த நிலையில் புதுப் பாட்டரி வாங்குவது ஓட்டைக் குடத்திற்குப் பதில் வற்றிய கிணற்றுக்குப் புதுக்குடம் வாங்குவதாகும். 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் அடக்க மறந்துவிட்டது. பல்புகள் அடிக்கடி கருகுவதும், பாட்டரியின் பக்கங்கள் உப்புவதும், அழுகிய முட்டை நாற்றம் வருவதும் இதன் அடையாளங்கள். அப்போது யூனிட்டை மாற்றாமல் பாட்டரியை மட்டும் மாற்றினால், புதியதும் அதே கதியை அடையும்.

பொத்தானை அழுத்தி எஞ்சினைச் சுழற்றும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் மூன்றாம் அளவை எடுக்கலாம். எண் இறங்குவது இயல்பு. நிறையச் சார்ஜ் ஏற்றிய பாட்டரியே 9.5-க்குக் கீழே சரிந்து விழுமானால் அதன் உள்ளுறுப்புக்கள் ஓய்ந்துவிட்டன. அங்கே மட்டும் பட்டறைக்காரர் தீர்ப்பு சரி.

வேறு இரு வழக்கங்கள் பட்டறைகளில் இன்றும் உண்டு. எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. இரு முனைகளையும் கம்பியால் தொட்டு, பொறி பறக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. முன்னது, தாங்கிப் பிடிக்கும் பாட்டரி இல்லாமையால் மின்னழுத்தம் எகிறி, பல்பையும் யூனிட்டையும், புதுவகை வண்டியில் கணிப்புப் பெட்டியையும் கெடுக்கவல்லது. பின்னது கண்ணைக் கெடுக்கவல்லது. இரண்டையும் நமது வண்டியில் செய்ய அனுமதிக்கலாகாது.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தால் உடனே காயிலையோ யூனிட்டையோ வாங்கக் கிளம்புவதும் அதே அவசரபுத்திதான். முதலில் கம்பி இணைப்புக்களைப் பார்க்கவேண்டும். நமது வண்டியில் நேர்ந்தது இதுவே. காயிலிலிருந்து யூனிட்டுக்குப் போகும் மஞ்சள் கம்பிகள், பக்கமூடியின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் இணைப்பில் சந்திக்கின்றன. அந்த இணைப்பு வெந்து, பழுப்பேறி, ஒரு முனை கரிந்து கிடந்தது. நாம் பம்புசெட்டில் வேகமாக நீரைப் பீய்ச்சி வண்டியைக் கழுவுவது வழக்கம். நீர் உள்ளே புகுந்து பச்சை பூத்து, பிடி தளர்ந்து, தளர்ந்த இடத்தில் சூடேறி இறுதியில் உருகிவிட்டது. அந்த இளைஞர் கரிந்ததை வெட்டி, புதிய இணைப்பு ஒன்றைப் பற்றவைத்தார். மீட்டர் 14.1 காட்டிற்று. அவர் கேட்ட கூலியும் சாமானும் சேர்ந்து ஒரு பாட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இணைப்புக்கள் நன்றாயிருந்தால் அடுத்து எர்த் கம்பியை நோக்கவேண்டும். பாட்டரியின் கழித்தல் முனையிலிருந்து சட்டத்திற்குப் போகும் கம்பி, ஒரு மரையாணியின் கீழே துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரமூட்டை ஏற்றும் வண்டிகளில் இதைத் தவறாமல் பார்க்கவேண்டும். பொட்டாஷ் உப்பின் தூள் ஈரத்தை ஈர்த்து இரும்பையும் செம்பையும் அரிக்கிறது. ஆணியைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, இறுக்கினால் போதும். களஞ்சியத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலியின் திருவிளையாடலையும், சேலைமூட்டை தொங்கவிடும் வண்டிகளில் பின்விளக்குக் கம்பி தேய்ந்து சட்டத்தைத் தொடுவதையும் சந்தேகிக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே காயிலைச் சோதிக்கவேண்டும். மூன்று மஞ்சள் கம்பிகள் உள்ள வகையில், இணைப்பைப் பிரித்து எஞ்சினை ஓடவிட்டு, மாறுமின்சார அளவில் மீட்டரை வைத்து, இரண்டிரண்டாகத் தொடவேண்டும். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டி, முறுக்க முறுக்க ஏறினால் காயில் நலம். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் சுருள் வெந்திருக்கிறது. காயில் நலமாயிருந்தும் பாட்டரிக்குச் சார்ஜ் வராவிடில் யூனிட்டே எஞ்சிய குற்றவாளி.

சார்ஜ் ஒழுங்காக ஏறியும் நாலு நாள் நின்றால் படுத்துவிடும் வண்டிகளும் உண்டு. அங்கே எதுவோ இரவெல்லாம் திருட்டுத்தனமாக மின்சாரத்தை உறிஞ்சுகிறது. கழித்தல் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்தால் அது புலப்படும். அவ்வேளையில் சாவியைத் திருப்பவோ பொத்தானை அழுத்தவோ கூடாது. கார்புரேட்டர் வண்டியில் ஏறக்குறைய ஒன்றும் இராது. புதுவகையில் சில மில்லி ஆம்பியர் இருக்கலாம். 20 மில்லி ஆம்பியர் ஒழுகினால் 5 ஆம்பியர்-மணி பாட்டரி பத்து நாளில் வறண்டுபோகும். பின்னால் பொருத்திய அலார்ம் பூட்டும், செல்போன் சார்ஜரும்தான் பெரும்பாலும் பிடிபடுபவை.

பாட்டரிகளுக்காகவும் சிறிது பேசவேண்டும். ஈயத்தகடும் கந்தக அமிலமும் கொண்ட இவ்வகையை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளான்டே கண்டுபிடித்தார். அன்று முதல் இன்றுவரை அதன் சுபாவம் மாறவில்லை: பட்டினி கிடந்தால் அதன் தகடுகளில் கந்தகப் படிவம் இறுகி, பின்பு எவ்வளவு ஊட்டினாலும் ஏற்காது. ஆகையால் தறி வேலையில் மூழ்கி மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவோர், மாதம் ஒருமுறையேனும் சார்ஜ் ஏற்றவேண்டும். அதுவும் நிதானமாக, பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காக. 5 ஆம்பியர்-மணிக்கு அரை ஆம்பியர். கார் பாட்டரிக்கான பெரிய சார்ஜரில் மாட்டுவது குழந்தைக்குக் கலத்துச் சோற்றை ஊட்டுவதாகும். நீர் ஊற்றும் வகையில் குறைந்தது நீரே. காய்ச்சி வடித்த நீரை மட்டும் மேல்கோடு வரை ஊற்றவேண்டும். அமிலத்தையோ கிணற்று நீரையோ ஊற்றலாகாது. புதிதாக அமிலம் நிரப்பித் தரும் பாட்டரியை, சில மணிநேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிய பின்னரே மாட்டவேண்டும். அவசரத்தில் அப்படியே மாட்டிவிடும் கடைகள் உள்ளன. அவ்வாறு தொடங்கிய பாட்டரி தன் முழுப் பலத்தை ஒருநாளும் அடைவதில்லை.

கழற்றும்போது கழித்தல் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளவேண்டும். சார்ஜ் ஏறுகையில் வெளிவரும் வாயு தீப்பற்றுவது. பீடி, விளக்கு அருகில் ஆகாது. நெசவாளருக்கு மற்றொரு எச்சரிக்கை. தறிக்கூடத்தில் பாட்டரியை வைக்கவேண்டாம். பருத்திப் பாவின்மேல் ஒரு துளி அமிலம் தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. நீர் உலர உலர அமிலம் செறிந்து இழையை அறுத்துவிடும்; துணி வெளுப்புக்குப் போய் வந்தபின் பொத்தல் பொத்தலாகக் காணும்.

இவ்வளவையும் பட்டறைக்காரர்கள் அறியாதவர்களா? பலர் நன்கு அறிவர். அவர்கள் ஏன் அளப்பதில்லை என்று ஒருவரைக் கேட்டோம். "அரைமணி நேரம் தேடி ஒரு கம்பியை இறுக்கினால், கம்பி இறுக்கியதற்கா இவ்வளவு என்று கேட்கிறார்கள், புதுப் பாட்டரி போட்டால் வாய் திறவாமல் கொடுக்கிறார்கள்" என்றார். இதைக் கேட்டு நாம் வெட்கினோம். நெய்த கூலியைக் கணக்கில் எடாமல் நூல் விலையை மட்டும் பார்த்துத் துணிக்கு விலை பேசும் வியாபாரியை நாம் எவ்வளவு நொந்துகொள்கிறோம்! பட்டறையில் நாமே அந்த வியாபாரியாக நிற்கிறோம். அளந்து பார்க்கும் வேலைக்கென்று தனியே ஐம்பதோ நூறோ கூலி கொடுக்க நாம் முன்வந்தால், அளக்கும் பட்டறைகள் தாமே பெருகும்.

சங்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஒரு மல்டிமீட்டரும் ஒரு சிறு சார்ஜரும் வாங்கி வைத்து, ஊழியர் ஒருவருக்கு இம்மூன்று அளவுகளையும் எடுக்கப் பழக்கினால் போதும். ஓய்வளவு, ஓட்ட அளவு இரண்டையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒரு நோட்டில் அங்கத்தினர் பெயருக்கு எதிரே குறித்துவந்தால், சென்ற முறை 14.2 காட்டிய வண்டி இம்முறை 13.1 காட்டும்போதே பழுது வெளிப்பட்டுவிடும். சங்கம் நூலையும் உரத்தையும் கவனித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அந்த நூலும் உரமும் வீடு போய்ச் சேருவது இவ்வண்டிகளில்தான் என்பதே நமது பதில். உண்மையாகவே ஆயுள் முடிந்த பாட்டரிகளையும் அங்கேயே சேர்த்து, விற்ற கடைக்கே திருப்பிவிடலாம். உடைத்து ஈயம் உருக்குவோரிடம் கொடுப்பது குழந்தைகளின் மூளைக்கு நஞ்சிடுவதாகும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2001-இன் விதிகளிலேயே இருந்தது. 2022-இன் விதிகள் அதைத் தயாரிப்பாளர்மேல் இன்னும் அழுத்தமாகச் சுமத்தியிருக்கின்றன.

நாம் ஐந்து மாதத்தில் கழித்துக்கட்டிய பாட்டரி நல்லதாக இருந்ததா, கெட்டதாக இருந்ததா என்று இனி அறிய வழியில்லை. நான்காம் மாதத்தில் தளர்ந்ததைமட்டும் அந்த இளைஞர் ஒரு பகலும் ஓர் இரவும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார். மறுநாள் காலை அது 12.7 காட்டிற்று. இரண்டு மழைக்காலம் கடந்தும் அதுவே நமது வண்டியில் இருக்கிறது.